அரை பிக்சல்

இரவு ஒன்பது நாற்பது.
செந்தோயா நண்டுக்கு உரிமம் கேட்கும் படிவம்
பன்னிரண்டுக்கு மூடிவிடும்.
நீரிணைக்கு அக்கரையில், போர்வெனிரிலிருந்து போன்:
"யாஸ்னா, உன் பொத்தானுக்கு உயிர் வரவில்லை.
அடிவரை படித்தாயிற்று. இரண்டு தரம்."
எலெயுதேரியோ பர்ரியா பொய் சொல்லக்கூடியவர்தான்,
பிடித்த நண்டின் கணக்கில்.
படித்த கணக்கில் சொல்லமாட்டார்.

நிபந்தனைகளின் கடைசி வரியைப் பார்க்காதவர்
கையெழுத்திடக் கூடாது.
இது மீன்வளத் துறையின் விதி.
கடைசி எங்கே இருக்கிறதென்று
பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

முதல் வாரம் தப்பாகச் சொன்னேன்.
முழு உயரம் நாலாயிரத்துப் பதினாறு,
அங்கே வந்தால் எரி என்றேன்.
ஒருவரும் வந்து சேரவில்லை.
உருண்ட தூரமென்பது
மேலே போய் மறைந்தது மட்டும்தானே,
கண்ணெதிரே இருப்பது அதில் சேராது.
ஸ்க்ரோல்ஹைட்டில் கிளையண்ட்ஹைட்டைக் கழி:
எண்ணூற்று இருபத்தெட்டு போக
மூவாயிரத்து நூற்று எண்பத்தெட்டு.
அதற்குமேல் எந்தச் சக்கரம் சுழன்றும்
பக்கம் அசையாது.
கடைசி ஜன்னலளவை யாரும் கடப்பதில்லை.
அதன் முன்னால் வந்து நிற்கிறார்கள்,
அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம்
பக்கம் திறந்ததும் ஒரே ஒருமுறை அளந்து
பத்திரமாக வைத்துக்கொண்டேன்.
அப்புறம்தான் வந்தது அந்தப் படம்:
அளவுகோலுக்குப் பக்கத்தில் மல்லாந்த ஒரு நண்டு.
தீவுகளின் இணையத்தில் அது ஆடி அசைந்து வரும்,
வந்ததும் எல்லாவற்றையும் கீழே தள்ளும்.
பாதியிலேயே பொத்தான் எரிந்தது.
இருபத்துமூன்று பேர் படிக்காமல் கையெழுத்திட்டார்கள்.
ஒருவர்கூடப் புகார் தரவில்லை.

இப்போது ஒவ்வொரு நகர்வுக்கும் அளக்கிறேன்.
வேறெதையும் சேர்க்காத வெறும் ஜாவாஸ்கிரிப்ட்,
எட்டே வரி.

"எழுத்தைப் பெரிதாக்கினீர்களா?"
மறுமுனையில் காற்று மட்டும்.
"கண்ணாடி படகில் கிடக்கிறது," என்றார் கடைசியில்,
திருட்டை ஒப்புக்கொள்பவர் மாதிரி.

என் திரையையும் இருமடங்காக்கினேன்.
வரிகள் மடங்கின, பக்கம் நீண்டது.
ஏழாயிரத்து முந்நூற்று இரண்டு உயரம்,
அதில் நானூற்றுப் பதினாலு ஜன்னல்.
மிச்சம் ஆறாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு.
அடிமட்டம் தட்டும்வரை உருட்டிவிட்டு
எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.
ஸ்க்ரோல்டாப் சொன்னது:
ஆறாயிரத்து எண்ணூற்று எண்பத்தேழரை.

அரை.
உயரங்கள் இரண்டும் முழு எண்ணில் பேசுகின்றன,
இது மட்டும் பின்னத்தில் பேசுகிறது.
அந்த இம்மிக்காக
அறுபத்தெட்டு வயது மனிதரிடம்
நீ இன்னும் படித்து முடிக்கவில்லை என்று
ஒரு மணி நேரமாகச் சாதித்துக்கொண்டிருந்திருக்கிறது
நான் எழுதிய 'சமமா' என்ற கேள்வி.

மாற்றினேன்:
முழுதில் ஜன்னலையும், நிற்குமிடத்தையும் கழித்தபின்
எஞ்சுவது ஒன்றுக்குக் கீழேயா?
ஆம் என்றால் விடு.

ஏற்றியபோது பத்து ஐம்பத்தைந்து.
வெளியே பூன்டா அரினாஸின் காற்று;
மூலையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
யாரோ தெருவைக் கடக்கிறார்கள்.
"மறுபடி திறந்து, நேரே அடிக்குப் போங்கள், தோன் எலெயுதேரியோ.
படிக்க வேண்டாம்."

படித்தார்.
மூன்றாம் தரம், வாய்விட்டு, போனை வைக்காமல்.
எனக்கு மாத்தே ஆறிப்போனது.
பதினொன்று முப்பத்தெட்டுக்கு
"எரிகிறது," என்றார்.
கையெழுத்தும் வந்து விழுந்தது.

பிறகு, வைக்கப் போகிறவர் வைக்காமல்:
"பத்தொன்பதாம் விதி இரண்டு முறை இருக்கிறது, பெண்ணே.
ஒன்றில் பொறி நூற்றைம்பது,
இன்னொன்றில் நூற்றிருபது.
எதற்கு நான் ஒப்புக்கொண்டேன்?"

அந்தப் பக்கத்தின் அடிக்கு
ஆயிரம் தரமாவது போயிருப்பேன்.
வழியில் எதையும் பார்த்ததில்லை.
"இருங்கள்," என்று
மேல்நோக்கி உருட்ட ஆரம்பித்தேன்.